சுட்டது எதிரி அல்ல: 'பாத்ஸ் ஆஃப் குளோரி' படத்தில் கேமரா சொல்லும் கதை

ஒரு போர்ப் படம். ஓடும் நேரம் 88 நிமிடம். குண்டுகள் வெடிக்கின்றன, இயந்திரத் துப்பாக்கிகள் இடைவிடாமல் சுடுகின்றன, ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாய்கிறார்கள். ஆனால் எதிரிப் படையைச் சேர்ந்த ஒரு சிப்பாய் முகத்தைக்கூட திரையில் பார்க்க முடியாது. ஏன்?

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1957-ல் எடுத்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி' படத்தின் மொத்த விஷயமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எடுக்கும்போது அவருக்கு வயது 28. பட்ஜெட் பத்து லட்சம் டாலரைத் தொடவில்லை. கருப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் சினிமா மாணவர்கள் இன்றும் இதைப் பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்க்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?

(படத்தின் முடிவு உட்பட முக்கியக் காட்சிகள் இந்தக் கட்டுரையில் வருகின்றன.)

கதை என்ன?

முதல் உலகப் போர், 1916. பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் எதிரெதிரே பதுங்குகுழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஜெர்மானியர் வசம் உள்ள 'எறும்புக் குன்று' என்ற மேட்டைப் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து ஜெனரல் புரூலார், தனக்குக் கீழே உள்ள ஜெனரல் மிரோவிடம் சொல்கிறார். "நடக்காத காரியம், என் ஆட்கள் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள்" என்பதுதான் மிரோவின் முதல் பதில். பதவி உயர்வு பற்றிப் பேச்சு வருகிறது. கொஞ்ச நேரத்தில் நடக்காத காரியம் நடக்கக்கூடிய காரியமாக மாறிவிடுகிறது.

களத்தில் இறங்கவேண்டியது கர்னல் டாக்ஸ் (கிர்க் டக்ளஸ்) தலைமையிலான படைப்பிரிவு. தாக்குதல் தோற்கிறது. குண்டு மழையில் ஒரு பகுதி வீரர்களால் குழியை விட்டு வெளியே தலையைக்கூட நீட்ட முடியவில்லை. ஆத்திரத்தில் மிரோ, தன் சொந்த வீரர்கள் இருக்கும் குழி மீதே பீரங்கியால் சுட உத்தரவிடுகிறார். எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் சுட மாட்டேன் என்று பீரங்கிப் படை அதிகாரி மறுத்துவிடுகிறார்.

பிறகு, தோல்விக்குப் பழியை யார் மேலாவது போட வேண்டுமே? கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டு வருகிறது. மிரோ முதலில் கேட்பது நூறு பேரின் உயிரை. பேரம் பேசி மூன்றாகக் குறைக்கிறார்கள். ராணுவ நீதிமன்றம் பெயருக்குக் கூடுகிறது. போருக்கு முன் வழக்கறிஞராக இருந்த டாக்ஸ் அவர்களுக்காக வாதாடுகிறார். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதுதான்.

இது நிஜத்தில் நடந்ததா?

படம் ஹம்ப்ரி காப் 1935-ல் எழுதிய நாவலைத் தழுவியது. முதல் உலகப் போரில் தானே களத்தில் நின்றவர் காப். கதாபாத்திரங்கள் கற்பனை. ஆனால் அடியில் இருப்பது கற்பனை அல்ல.

1915 மார்ச்சில், பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் உள்ள சுவான் என்ற ஊருக்கு அருகே, அடுத்தடுத்த தோல்விகளால் களைத்துப் போன 336-ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள் மறுபடியும் தாக்குதலுக்குப் போக மறுத்தார்கள். ஜெனரல் ரெவெயாக், அவர்கள் இருந்த குழி மீதே பீரங்கியால் சுடச் சொன்னார். எழுத்தில் உத்தரவு கேட்கப்பட்டதால் அது நடக்கவில்லை. மார்ச் 17-ஆம் தேதி நான்கு கார்ப்பரல்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தெயோஃபில் மொப்பா, பள்ளி ஆசிரியர். அவரது மனைவி பிளான்ஷ் மொப்பா கணவரின் பெயர் மீதான களங்கத்தைத் துடைக்க ஏறத்தாழ இருபது வருடம் அலைந்தார். 1934-ல் நால்வரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது. இழப்பீடாக அடையாளத்துக்குக் கொடுக்கப்பட்ட தொகை ஒரு ஃபிராங்க்.

நாவல் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு.

மேலே மாளிகை, கீழே மண்

படத்தில் இரண்டே இரண்டு உலகங்கள். ஒன்று ஜெனரல்கள் வசிக்கும் மாளிகை. மற்றொன்று சிப்பாய்கள் வசிக்கும் குழி. கதை நடப்பது பிரான்சில் என்றாலும் படப்பிடிப்பு முழுக்க ஜெர்மனியின் பவேரியாவில்தான் நடந்தது. மாளிகைக் காட்சிகளுக்கு மியூனிக் அருகே உள்ள ஷ்லைஸ்ஹைம் அரண்மனை. ஒளிப்பதிவாளர் கியோர்க் கிராவுஸ் ஒரு ஜெர்மானியர்.

இந்த இரண்டு இடங்களையும் கேமரா எப்படிக் காட்டுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

மாளிகையில் கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. பெரிய பெரிய ஜன்னல்கள் வழியாகப் பகல் வெளிச்சம் தாராளமாகக் கொட்டுகிறது. சுவரெல்லாம் ஓவியங்கள், காலடியில் கம்பளம். புரூலாரும் மிரோவும் அறைக்குள் சும்மா வளைய வருகிறார்கள். கேமராவும் அவர்களோடு வழுக்கிக்கொண்டே சுற்றி வருகிறது. ஏதோ நடன அரங்கில் இருப்பது போல இருக்கும். ஆனால் அந்தச் சுற்றலில்தான் ஆயிரக்கணக்கான பேரின் விதி முடிவாகிறது. மிரோவின் நிலைப்பாடு மெல்ல மெல்லத் திரும்புவதை வசனத்தைவிட அந்த வட்ட நடை நன்றாகச் சொல்கிறது.

குழியில் எல்லாமே தலைகீழ். கூரை தாழ்வு, வெளிச்சம் குறைவு, பக்கவாட்டில் மண் சுவர். ஆட்கள் வளைய வர இடமில்லை. ஒன்று முன்னே போகலாம், இல்லாவிட்டால் பின்னே வரலாம், அவ்வளவுதான். கர்னல் டாக்ஸ் முதன்முதலில் திரையில் தோன்றும்போது சட்டை இல்லாமல் முகம் கழுவிக்கொண்டிருக்கிறார். எதிரே பதக்கங்கள் பளபளக்க நிற்கிறார் மிரோ. ஒருவர் வெறும் உடம்பு, மற்றவர் முழுச் சீருடை. யார் எந்தப் பக்கம் என்று வாயைத் திறந்து யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரே குழி, இரண்டு நடை

படத்தின் மிகப் பிரபலமான ஷாட் பதுங்குகுழி நடைதான். அது இரண்டு முறை வருகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் படம் போன மாதிரி.

முதல் நடை மிரோவுடையது. கேமரா அவருக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது. அவர் நேராக, மிடுக்காக, ஊர்வலத்தில் வருவது போல் வருகிறார். நடுநடுவே நின்று வீரர்களிடம் தயார்தானா என்று விசாரிக்கிறார். ஒருவன் பிரமை பிடித்தது போல் நிற்கிறான். குண்டு அதிர்ச்சியில் மனம் பேதலித்தவன். அப்படி ஒரு நோயே கிடையாது என்று சொல்லி அவனை அறைகிறார் ஜெனரல். இங்கே நாம் பார்ப்பது மிரோவின் முகத்தை. அவர் என்ன பார்க்கிறார் என்பதை அல்ல. உண்மையில் அவர் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

இரண்டாவது நடை டாக்ஸுடையது. தாக்குதலுக்குச் சற்று முன்னால். குண்டுகள் மேலே வெடித்து மண் கொட்டுகிறது, புகை சூழ்கிறது. இந்த முறை கேமரா டாக்ஸின் முகத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அவர் கண்ணாகவும் மாறுகிறது. குழியின் இருபுறமும் சுவரோடு ஒட்டி நிற்கும் வீரர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். இன்னும் சில நிமிடங்களில் இவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் தானாக வருகிறது. பின்னணி இசை கிடையாது. குண்டுச் சத்தம் மட்டும்தான்.

ஒரே குழி, கிட்டத்தட்ட ஒரே டிராலி அசைவு. ஒருவர் தன்னைக் காட்டிக்கொள்ள நடக்கிறார், இன்னொருவர் தன் ஆட்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். டிராலி உள்ளே போய்வர வேண்டும் என்பதற்காக, செட்டில் தோண்டிய குழிகள் நிஜப் போர்க் குழிகளைவிடச் சற்று அகலமாக அமைக்கப்பட்டன. அப்படியிருந்தும் திரையில் அது மூச்சு முட்டும் இடமாகத்தான் தெரிகிறது. அதற்கு வைட் ஆங்கிள் லென்ஸும், ஃபிரேமின் இரு ஓரங்களையும் அடைத்து நிற்கும் உடல்களும் காரணம்.

இந்த நகர்வு பிறகு குப்ரிக்கின் அடையாளமாகவே ஆனது. 1980-ல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் ஹோட்டல் தாழ்வாரங்களில் ஓடும் கேமராவுக்கு இந்தக் குழிதான் மூதாதை.

தாக்குதல் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

விசில் ஊதியபடி டாக்ஸ் குழியை விட்டு மேலே ஏறுகிறார். பின்னால் நூற்றுக்கணக்கானோர். இரண்டு தரப்புக்கும் இடையே உள்ள ஆளில்லா நிலம் முழுக்கப் பள்ளம், சேறு, முள்கம்பி. கேமரா அவர்களுக்குப் பக்கவாட்டில், அவர்களோடு சேர்ந்தே நகர்கிறது. அவ்வப்போது ஜூம் போய்க் கூட்டத்துக்குள் டாக்ஸைத் தேடிப் பிடிக்கிறது.

வீரர்களாக நடித்தவர்களில் பெரும்பகுதி ஜெர்மன் போலீஸ்காரர்கள். களத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, யார் எந்தப் பகுதியில் விழுந்து 'சாக' வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுத்தார் குப்ரிக். அதனால்தான் திரையில் ஒரே இடத்தில் மொத்தமாக விழாமல், போகப்போக ஆட்கள் உதிர்ந்துகொண்டே வருகிறார்கள். புறப்படும்போது அலை மாதிரி இருந்த கூட்டம், கொஞ்ச தூரத்தில் சில திட்டுகளாகச் சுருங்கிவிடுகிறது.

பொதுவாகப் போர்ப் படங்களில் கேமரா எதிரிப் பக்கமும் போகும். எவன் சுடுகிறான் என்று காட்டும். இங்கே அது ஒருமுறைகூட நடக்காது. குண்டு எங்கிருந்தோ வருகிறது. ஆனால் யார் அந்தக் குண்டுக்கு முன்னால் இவர்களை நிறுத்தியது என்பதை முதல் காட்சியிலேயே மாளிகையில் வைத்துக் காட்டிவிட்டார்கள். எதிரி முகம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

குழிக்குத் திரும்பி, மீதி வீரர்களைக் கிளப்ப டாக்ஸ் மறுபடியும் ஏணியில் ஏறுகிறார். மேலிருந்து ஒரு பிணம் விழுந்து அவரையும் கீழே தள்ளுகிறது. யாரும் கோழையாக இல்லை, மேலே போகவே வழி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் இந்தச் சாட்சி நீதிமன்றத்தில் எடுபடாது.

தரையில் ஏன் சதுரங்கக் கட்டம்?

ராணுவ நீதிமன்றம் கூடுவது குழியில் அல்ல, அதே மாளிகையில். தரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பளிங்கு. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அந்தக் கட்டங்களுக்கு நடுவே, பரந்த கூடத்தில் சின்னதாகத் தெரிகிறார்கள். கேமரா தள்ளி நின்று பார்க்கிறது.

குப்ரிக் இளம் வயதில் நியூயார்க் பூங்காக்களில் பணம் வைத்துச் செஸ் ஆடியவர். அந்தத் தரை தற்செயலாக ஃபிரேமுக்குள் வந்துவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள். தமிழில் யோசித்தால் இது இன்னும் சுருக்கென்று புரியும். செஸ் பலகையில் முன்வரிசையில் நிறுத்தி, முதலில் பலி கொடுக்கப்படும் காய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரே சிப்பாய்தான்.

விசாரணை எப்படி நடக்கிறது? குற்றப்பத்திரிகை முறையாக வாசிக்கப்படுவதில்லை. நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ள ஆளில்லை. ஒருவன் வீரத்துக்குப் பதக்கம் வாங்கியவன் என்பதைச் சொல்ல அனுமதி இல்லை. மூவரும் எப்படித் தேர்வானார்கள் தெரியுமா? ஒருவன் சீட்டுக் குலுக்கலில். ஒருவன் சமூகத்துக்கு ஒத்துவராதவன் என்று கருதப்பட்டதால். மூன்றாமவன், தன் மேலதிகாரி குடிபோதையில் செய்த கொலையை நேரில் பார்த்தவன் என்பதால். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்ஸ் இறுதி வாதம் செய்யும்போது கேமரா, நின்றுகொண்டிருக்கும் காவல் வீரர்களின் முதுகுக்குப் பின்னால் நகர்கிறது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க, முன்னால் அசையாத உடல்கள் கம்பி போல வந்து வந்து மறைக்கின்றன. வாதாடுபவரும் கைதி மாதிரியே தெரிகிறார். அவர் பேச்சு முடிந்த பிறகு தீர்ப்பு வாசிக்கும் காட்சிகூடப் படத்தில் இல்லை. நேராகச் சுடும் படைக்குக் கொடுக்கும் உத்தரவுக்குப் போய்விடுகிறது. தீர்ப்பு எப்போதோ முடிந்த கதை என்பதை ஒரே வெட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

கரப்பான் பூச்சியின் ஆயுள்

கடைசி இரவு. சிறையாக்கப்பட்ட அறையில் கார்ப்பரல் பாரிஸ் ஒரு கரப்பான் பூச்சியைப் பார்க்கிறான். நாளைக்கு இந்நேரம் நாம் இருக்க மாட்டோம், ஆனால் இந்தப் பூச்சி உயிரோடு இருக்கும், என் மனைவி பிள்ளைகளோடு எனக்கு இருக்கும் தொடர்பைவிட இதற்கு அதிகம் இருக்கும் என்று புலம்புகிறான். பக்கத்தில் இருக்கும் ஃபெரோல் சட்டென்று பூச்சியை அடித்துக் கொன்றுவிட்டு, "இப்ப நீ அதைவிட மேல" என்கிற மாதிரிச் சொல்கிறான்.

சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. எறும்புக் குன்று என்ற பெயரோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் எறும்பும் பூச்சியும்தான். ஃபெரோல் அந்தப் பூச்சியை எவ்வளவு யோசனையில்லாமல் அடித்தானோ, அதே அலட்சியத்தோடுதான் இவர்களையும் மாளிகையில் எண்ணிக்கையாகப் பேசி முடித்தார்கள்.

அதே இரவில் மாளிகையில் நடன விருந்து நடக்கிறது.

கடைசி நடை எங்கே முடிகிறது?

காலை. மாளிகைத் தோட்டத்தின் நீண்ட நேர்ப் பாதை. இரண்டு பக்கமும் படை வரிசை. மூவரும் நடக்கிறார்கள். கேமரா மறுபடியும் முன்னோக்கி நகர்கிறது, குழியில் டாக்ஸ் நடந்தபோது நகர்ந்த அதே மாதிரி. அங்கே குண்டுச் சத்தம், இங்கே முரசு. எதிரே மெல்ல மெல்லப் பெரிதாகி வருகின்றன மூன்று கம்பங்கள், பின்னால் அடுக்கிய மணல் மூட்டைகள்.

மூவரில் ஒருவன் முந்தைய இரவு மண்டை உடைந்து நினைவிழந்தவன். அவனை ஸ்ட்ரெச்சரோடு தூக்கி நிறுத்துகிறார்கள். சுடும் நேரத்தில் விழித்திருக்க வேண்டுமாம், கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். இது சினிமாவுக்காக ஊதிப் பெருக்கியது என்று தோன்றலாம். ஆனால் 1914 அக்டோபரில் ஷாப்லான் என்ற பிரெஞ்சு லெப்டினன்ட், காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்ட நிலையிலேயே நிஜமாகச் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்.

படத்தின் பெயர் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற இரங்கற்பாவில் இருந்து எடுக்கப்பட்டது. புகழின் பாதைகள் என்று பொருள். அந்தக் கவிதையில் அந்தப் பாதை போய்ச் சேரும் இடம் கல்லறை. படம் முழுக்க வரும் நேர்கோட்டு நடைகளும் அங்கேதான் போய் நிற்கின்றன.

துப்பாக்கி வெடித்த அடுத்த காட்சி என்ன? ஜெனரல்கள் காலை உணவு சாப்பிடுகிறார்கள். ஆட்கள் நன்றாகச் செத்தார்கள் என்று மிரோ பாராட்டுகிறார்.

ஒரே ஒரு ஜெர்மன் முகம்

வேறு இயக்குநராக இருந்தால் படத்தை இங்கேயே முடித்திருக்கலாம். முந்தைய திரைக்கதை வடிவம் ஒன்றில் மூவரும் பிழைத்துக்கொள்ளும் சுபமான முடிவே இருந்தது என்றும், தான் சண்டை போட்டு அதை மாற்றியதாகவும் கிர்க் டக்ளஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இப்போது உள்ள முடிவு ஒரு மதுக்கடையில் நடக்கிறது. பிடிபட்ட ஒரு ஜெர்மன் பெண்ணை மேடையேற்றிப் பாடச் சொல்கிறார் கடைக்காரர். வீரர்கள் கூச்சல் போடுகிறார்கள், கேலி செய்கிறார்கள். வெளியே நின்று பார்க்கும் டாக்ஸின் முகம் சுளிக்கிறது. அழுதுகொண்டே அவள் ஒரு பழைய ஜெர்மன் நாட்டுப்பாடலைப் பாடத் தொடங்குகிறாள். கூச்சல் அடங்குகிறது. வார்த்தை புரியாத வீரர்கள் மெட்டைப் பிடித்து முணுமுணுக்கத் தொடங்குகிறார்கள். சிலர் கண்ணில் நீர்.

இங்கேதான் கேமரா தன் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. இதுவரை ஓடிக்கொண்டே இருந்தது, நின்றுவிடுகிறது. இதுவரை கூட்டமாகவும் எண்ணிக்கையாகவும் பார்த்த வீரர்களை, ஒவ்வொரு முகமாக க்ளோஸ்-அப்பில் காட்டுகிறது. தாடி வைத்த கிழவர், மீசை முளைக்காத பையன், எல்லோரும்.

எதிரியின் முகம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இரண்டாவது பதில் இது. படத்தில் நாம் நெருங்கிப் பார்க்கும் ஒரே ஜெர்மன் முகம் இந்தப் பெண்ணுடையது. அவள் எதிரி இல்லை, அழுகிற ஒரு மனுஷி.

பாடுபவர் கிறிஸ்டியானே ஹார்லன். மறு ஆண்டு குப்ரிக் அவரைத் திருமணம் செய்துகொண்டார். 1999-ல் குப்ரிக் இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

பாட்டு முடிவதற்குள் டாக்ஸுக்குத் தகவல் வருகிறது: படை உடனே போர்முனைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் சில நிமிடம் அவர்களை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அவரால் அவர்களுக்குக் கொடுக்க முடிந்தது அந்தச் சில நிமிடம்தான்.

பிரான்சில் ஏன் 1975 வரை வரவில்லை?

முறையான தடை உத்தரவு என்று எதுவும் போடப்படவில்லை. ஆனால் எதிர்ப்பும் அரசுத் தரப்பு அழுத்தமும் பலமாக இருந்ததால், விநியோக நிறுவனம் பிரெஞ்சுத் தணிக்கைக்கே படத்தைக் கொண்டுபோகவில்லை. படம் வந்த சமயத்தில் பிரான்ஸ் அல்ஜீரியாவில் போரில் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடைசியில் 1975-ல்தான் பிரெஞ்சு ரசிகர்கள் தங்கள் நாட்டுத் திரையரங்குகளில் இதைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1992-ல் இது தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அந்த வழக்கு முடிந்துவிட்டதா?

முதல் உலகப் போரில் ராணுவ ஒழுங்கை மீறியதாக 600-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனும் இதற்கு விலக்கல்ல. படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற காரணங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கியது. பிரான்சில் அப்படி ஒட்டுமொத்தமாகக் களங்கம் நீக்கும் மசோதாவை 2022-ல் கீழவை ஏற்றது. 2023-ல் செனட் நிராகரித்தது.

ஆக, அந்த மாளிகைக் கூடத்தில் தொடங்கிய விசாரணை நூறு வருடம் கழித்தும் முழுசாக முடியவில்லை. அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்க்கும்போது வசனத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு, கேமரா யாரோடு நடக்கிறது, யாரைப் பார்த்து நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அது மாளிகையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, குழியில் நேராக நடக்கிறது, கடைசியில் சாதாரணச் சிப்பாய்களின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.